பாலம் உறுதியாக இருக்கிறது

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லோர்னா கால்நடை மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மூன்றாம் கூண்டில் ஆர்டிஸின் நாய் படுத்திருந்தது. கூண்டுக் கதவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. எந்தப் பிராணி எதற்கு வந்தது, எப்போது வீட்டுக்குப் போகும் என்று குறித்துவைப்பதுதான் லோர்னாவின் வேலை. சீட்டை எடுத்துப் படித்தாள்.

"நானும் வெர்னும் கார்னெட் ஏரிக்குப் போகிறோம். லோர்னா எழுதியதைப் படித்த பிறகுதான் வெர்னுக்குத் தைரியம் வந்தது. ஐந்து மணிக்குள் வந்து நாயைக் கூட்டிப்போகிறோம். அதற்கு ரொட்டி போடாதீர்கள், வாயு பிடிக்கும்."

இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். எழுதியிருந்தது மாறவில்லை.

எங்கள் ஊரில் மே மாதம் முடிகிற சமயத்தில் எல்லோருக்கும் ஒரு பைத்தியம் பிடிக்கும். மேலே பனி உருகிவிட்டதா, பாதை திறந்துவிட்டதா என்று கடையிலும் தபால் நிலையத்திலும் தேவாலய வாசலிலும் இதே பேச்சு. நடைக் குழுவுக்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. மலைக்குப் போய் வந்தவர்கள் அதில் நாலு வரி எழுதுவார்கள். எத்தனை மரம் விழுந்திருக்கிறது, பனி எங்கே ஆரம்பிக்கிறது, ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று. அந்த வருஷம் கார்னெட் ஏரிக்கு முதலில் போய் வந்தது யார் என்பதும் அதில்தான் தெரியும். பரிசு கிடையாது, பதக்கம் கிடையாது. ஆனாலும் சொந்தத் தங்கை கல்யாணத்தை விட்டுவிட்டு ஏரிக்கு ஓடியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கடந்த பதினோரு வருஷத்தில் ஏழு முறை லோர்னா முதல் ஆள், நாலு முறை, பாதையில் விழுந்த மரங்களை அறுக்கும் ஹால்வர்.

இந்த வருஷமும் லோர்னாதான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே எழுதிவிட்டாள்: "கார்னெட் ஏரிவரை போய் வந்தேன். விழுந்த மரங்கள் பன்னிரண்டு, எல்லாம் சுலபமாகத் தாண்டலாம். நிழலில் மட்டும் கொஞ்சம் பனி. டீக்கன் ஓடைப் பாலம் உறுதியாக இருக்கிறது."

உண்மையில் அவள் ஏரியையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை. மூன்றாவது மைலில், பனிச்சரிவு உருட்டிக்கொண்டுவந்து குவித்திருந்த மரங்களின் மேல் ஏறும்போது, மரத்துக்கும் பனிக்கும் நடுவிலிருந்த பொந்தில் இடுப்புவரை இறங்கிவிட்டாள். கால் உள்ளே ஏதோ கிளையில் மாட்டிக்கொண்டது. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. அரை மணி நேரம் கையால் பனியைத் தோண்டி, காலணியை அவிழ்த்து, காலை உருவி, பிறகு காலணியையும் உருவி, அழுதுகொண்டே திரும்பினாள். வீட்டில் வெந்நீரில் குளித்ததும் அழுகை போய்விட்டது, வெட்கம் மட்டும் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பாதை தன்னை முதல் முறையாகத் திருப்பி அனுப்பியதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஹால்வர் முந்திக்கொள்வதற்குள் நாலு வரியைத் தட்டிவிட்டாள். பாலத்தைப் பற்றிய வரி வருஷா வருஷம் எழுதுகிற வரி, அது கை தானாக எழுதியது.

கை எழுதியதாம்! கைக்கு என்ன தெரியும்?

அந்தப் பாலம் என்பது ஆழமான ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் ஒற்றை மரம், அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் பனியெல்லாம் உருகிக் கீழே ஓடும் தண்ணீரில் விழுந்தவர்கள் பிழைப்பதில்லை. வெர்னுக்கு எழுபது வயது. போன வருஷம்தான் இடுப்பெலும்பு மாற்றினார்கள். அவரோடு போயிருக்கும் மனைவி ஆர்டிஸுக்கு அறுபத்தெட்டு.

மீட்புக் குழுவைக் கூப்பிடலாம் என்று தொலைபேசியை எடுத்தாள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கே தெரியும். ஐந்து மணிக்குத் திரும்புகிறோம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர்களைக் காலை பத்து மணிக்கு யாரும் தேடப் போவதில்லை. தொலைபேசியை வைத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஹால்வர் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு பூனை.

"ஹால்வர், வண்டிய எடு."

"ஒரு குட்மார்னிங்கூட கிடையாதா? பூனைக்குக் காதுல சீழ் வச்சிருக்கு."

"பூனை இங்கயே இருக்கட்டும், டாக்டர் பாத்துக்குவாரு. வெர்னும் ஆர்டிஸும் கார்னெட் ஏரிக்குப் போயிருக்காங்க."

"போகட்டுமே. நீதான் என்னமோ பூங்காவுல நடக்கிற மாதிரி எழுதியிருந்தியே."

"அவருக்கு இடுப்பு சரியில்ல. எனக்கு மனசு அடிச்சுக்குது. என் காரு அந்த ரோட்டுல ஏறாது. கேள்வி கேக்காம வாயேன்."

ஹால்வர் அவளை ஒரு தரம் பார்த்தான். பூனைப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான். வாய் ஓயாத ஆள், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. லோர்னாவும் உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தாள், மூன்று முறையும் மூடிக்கொண்டாள்.

பாதை தொடங்கும் இடத்தில் வெர்னின் பழைய பச்சை வண்டி மட்டும் நின்றது. அங்கிருக்கும் பதிவேட்டில் ஆர்டிஸின் கையெழுத்து, நேரம் ஏழு மணி. லோர்னா பதிவேட்டை மூடிவிட்டு ஏறக்குறைய ஓடினாள். கீழே காடு ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. முதல் மைலிலேயே விழுந்த மரங்கள் ஆரம்பித்தன. சில முழங்கால் உயரம், தாண்டினால் போதும். சில நெஞ்சு உயரம், வயிற்றை வைத்துப் படுத்து அந்தப் பக்கம் சறுக்க வேண்டும். அந்தக் காட்டில் மோட்டார் ரம்பம் கொண்டுபோகத் தடை. ஹால்வரும் அவன் குழுவும் ஜூன் கடைசியில் இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தோடு போய் ஒவ்வொன்றாக அறுத்து வழி திறப்பார்கள்.

"பன்னெண்டு மரம்னு எழுதின," என்றான் ஹால்வர், ஒரு பெரிய தேவதாருவின் மேல் உட்கார்ந்து காலை மாற்றிப் போட்டபடி. "இரண்டாவது மைல்கூட முடியல, இதோட பதினேழு."

"நீ அறுக்கிறவன். சுள்ளி கிடந்தாலும் உனக்கு மரம்தான்."

"இதுவா சுள்ளி? இதுல ஒரு வீடு கட்டலாம்."

அவள் முன்னால் போனாள். இரண்டாவது மைலுக்கு மேல் நிழலில் பனித் திட்டுகள் வந்தன. அதன்பின் திட்டுகள் ஒன்றுசேர்ந்து காடே வெள்ளையாகிவிட்டது. மேல்பரப்பு வெயிலில் இளகி, வைத்த கால் முழங்கால்வரை போனது. பாதை எங்கே என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மாதிரி இடத்தில் தரையைப் பார்க்க மாட்டார்கள், மரத்தைப் பார்ப்பார்கள். முந்தைய வருஷங்களில் அறுத்த மரத்தின் இரண்டு முனைகளும் பனிக்கு வெளியே எதிரெதிராகத் தெரிந்தால், நடுவே போவதுதான் பாதை. அப்படியே முனை பார்த்து முனை பார்த்து நடந்தார்கள். வழியெல்லாம் காலடித் தடங்கள் குழம்பிக் கிடந்தன. மேலே போனது எது, கீழே வந்தது எது என்று பிரிக்க முடியவில்லை.

மரக்குவியல் வந்தது. நாற்பது ஐம்பது மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டு, கிளையும் பனியும் சேறுமாக ஆள் உயரத்துக்கு மேல் கிடந்தன. லோர்னா அங்கேயே நின்றுவிட்டாள்.

"இத எப்படித் தாண்டின?" என்றான் ஹால்வர். அவன் குரலில் கிண்டல் இல்லை. "நெசமாத்தான் கேக்கறேன். எந்தப் பக்கமா ஏறின?"

"தாண்டல."

"என்னது?"

"தாண்டல ஹால்வர். அதோ அந்தப் பொந்துல விழுந்தேன். வெளிய வரவே அரை மணி நேரம் ஆச்சு. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போய்ப் பொய் எழுதிட்டேன். ஏரியப் பாக்கல. பாலம் இருக்கா போச்சான்னே எனக்குத் தெரியாது. அவங்க ரெண்டு பேரும் என்னை நம்பிப் போயிருக்காங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு மரத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்து கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

"செவ்வாக்கிழமை நான் வந்தேன்டி," என்றான். "நீ போயிட்டேன்னு பொறுக்க மாட்டாம வந்தேன். இதே இடம். மூணு தடவ ஏறிப் பாத்தேன், மூணு தடவையும் சறுக்கி விழுந்தேன். திரும்பிட்டேன். ஒரு பொம்பள இதத் தாண்டி ஏரிக்குப் போயிட்டு வந்து 'எல்லாம் சுலபம்'னு எழுதுறா, என்னால முடியலையே, சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ரம்பத்த வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு குழுவுக்கு லெட்டர்கூட எழுதி மேசைமேல வச்சிருக்கேன்."

"ஐயோ, ஹால்வர்."

"ரெண்டு நாளா சோறு எறங்கல. நீ என்னடான்னா பொய்யி!" மறுபடி சிரித்தான். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. எழுந்து தொப்பியை மாட்டினான். "உன்னைத் திட்ட எனக்கு ஒரு முழு நாள் வேணும். அத அப்புறம் வச்சுக்கறேன். முதல்ல அவங்களப் பாரு."

குவியலின் அடியில் தேடினார்கள். ஒரு பெரிய கால், ஒரு சின்னக் கால், பக்கத்தில் ஊன்றுகோல் குத்திய ஓட்டைகள். இரண்டு ஜோடித் தடமும் குவியலில் ஏறவே இல்லை. இடது பக்கம் சரிவில் மேலே போய், குவியல் முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் இறங்கியிருந்தன. பத்து நிமிஷச் சுற்று. இரண்டு முதல் ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். நேராக ஏறிக் குதிப்பதைத் தவிர வேறு வழி இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால்தானே!

"பாவிங்க," என்றான் ஹால்வர், "எவ்வளவு சுலபமா சுத்திப் போயிருக்காங்க."

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் திரும்பியிருக்க வேண்டும் என்றுதான் வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் திரும்பவில்லை. தடங்கள் ஓடைப் பக்கமே போயின.

அடுத்த ஒன்றரை மைலும் பனிதான். லோர்னா வேகமாக நடந்து, விழுந்து, எழுந்து, மறுபடி நடந்தாள். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெர்ன் போன கிறிஸ்துமஸுக்குத் அவள் வீட்டுப் புகைபோக்கியைச் சரிசெய்துவிட்டு, ஒரு காசு வாங்காமல் ஒரு குவளை காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. தலையை உதறினாள். ஞாபகம் வருவதே அபசகுனம் போலிருந்தது.

தண்ணீரின் இரைச்சல் முதலில் கேட்டது. மரங்கள் விலகின. பள்ளத்தை முழுக்கப் பனி நிரப்பியிருந்தது. பாலம் இருக்க வேண்டிய இடத்தில், இந்தக் கரையிலிருந்து ஒரு பனித் திட்டு நீட்டிக்கொண்டு நின்று, பாதியில் உடைந்து போயிருந்தது. அந்தக் கரையிலும் அதேபோல் ஒரு துண்டு. நடுவே எதுவும் இல்லை. கீழே கறுப்புத் தண்ணீர் பனிக்கு அடியில் புகுந்து ஓடியது. மரத்தின் அடையாளமே இல்லை. இரண்டு ஜோடித் தடமும் கரை விளிம்புவரை போயிருந்தன. பெரிய கால் ஒன்று பனித் திட்டின் மேலேயே பதிந்திருந்தது.

"வெர்ன்!" என்று கத்தினாள். அது தன் குரல் மாதிரியே அவளுக்குக் கேட்கவில்லை. "ஆர்டிஸ்! வெர்ன்!" பனியில் மண்டியிட்டு, தண்ணீரைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கத்தினாள். ஹால்வர் அவள் சட்டைக் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குடி இந்தக் கத்து கத்துற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மனுஷன் இப்பத்தான் கண்ணசந்தாரு."

லோர்னா திரும்பினாள். மேலே, வெயில் பட்ட ஒரு பாறையில், காலுறையைக் கழற்றிக் காயப் போட்டுவிட்டு ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வெர்ன் மல்லாந்து படுத்திருந்தார். தொப்பி நகர்ந்தது. வெர்ன் ஒரு கண்ணைத் திறந்தார்.

லோர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்படிப் பாறையில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆர்டிஸைக் கட்டிப்பிடித்தாள், வெர்னின் கையைப் பிடித்தாள், இரண்டு பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. ஹால்வர் பாறைக்குக் கீழேயே உட்கார்ந்து, "நல்லது, நல்லது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவளுக்கு என்ன ஆச்சு?" என்றாள் ஆர்டிஸ். "செத்தவங்களப் பாத்த மாதிரி நிக்கிறா. இந்தா, காப்பி குடி."

வெர்ன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"வந்தியா! சரியான நேரத்துல வந்த. இந்த மகராசிகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லு லோர்னா. நாப்பது நிமிஷமா உனக்காக இவகிட்ட மல்லுக்கட்டினேன்."

"நான் சொல்றேன்," என்றாள் ஆர்டிஸ். "இங்க வந்து சேந்தோம். பாலத்து மேல ரெண்டடிப் பனி, மாவு சலிச்சுக் கொட்டின மாதிரி. இவரு ஒரு கால அதுல வச்சிட்டாரு. நில்லு கெழவான்னேன். ஞாயித்துக்கிழமை லோர்னா இதுல போனா, இதுலதான் திரும்பியும் வந்தா. தடம் எங்க? ஒரு எலி போன தடம்கூட இல்லயேன்னேன்."

"வெயில்ல உருகியிருக்கும்னேன்," என்றார் வெர்ன்.

"கரையில ஒரு அணில் போன தடம் அப்படியே இருக்கு. லோர்னா தடம் மட்டும் உருகிருச்சாம்!"

"இல்லன்னா அதுக்கப்புறம் பனி பெஞ்சிருக்கும்."

"ஒரு வாரமா வெயில் பல்ல இளிக்குது. பனி எங்கிருந்து வரும்? பொண்ணு போகவே இல்ல, சும்மா எழுதிட்டான்னு நான் சொல்றேன். இவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது. 'லோர்னா அப்படிப்பட்டவ இல்ல, பாலம் உறுதியா இருக்குன்னு அவ எழுதினா இருக்கும், நீ வேணா இரு, நான் போறேன்'ங்கறாரு. போறதுன்னா என்னைத் தள்ளிட்டுப் போன்னு குறுக்க நின்னேன். கடைசியில கோலால ஒரு குத்து குத்திப் பாருன்னேன். குத்தினாரு. பனி மொத்தமும் இடிஞ்சு உள்ள போயிருச்சு. அடியில மரமே இல்ல, வெறும் பனி."

"மரம் ஞாயித்துக்கிழமை இருந்துச்சு," என்றார் வெர்ன், விடாப்பிடியாக. "அப்புறம்தான் தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கு. சொல்லு லோர்னா. நீ கடந்தேல்ல?"

அவர் அவளையே பார்த்தார். லோர்னா காப்பிக் குவளையைப் பாறையில் வைத்தாள். ஹால்வரிடம் சொன்னபோது இருந்ததைவிட இது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. அவன் சிரித்துவிட்டான், இவர் சிரிக்க மாட்டார்.

"நான் கடக்கல, வெர்ன். இங்க வரவே இல்ல. மரக்குவியல்லயே திரும்பிட்டேன்."

"பாலம் உறுதியா இருக்குன்னு எழுதியிருந்தியே."

"பாக்காம எழுதினேன். இந்த வருஷமும் நான்தான் முதல் ஆள்னு காட்டிக்கணும்னு. வேற காரணமே இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

வெர்ன் உடைந்த பனித் திட்டைப் பார்த்தார். அதில் பதிந்திருந்த தன் ஒற்றைக் காலடியைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "இனிமே நீ சொன்னா நான் கேட்டுக்கறேன்," என்றார்.

"எழுத்துல குடு," என்றாள் ஆர்டிஸ். அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு லோர்னாவைப் பார்த்து, "சனிக்கிழமை பாதி ஊரு இங்க வரும்," என்றாள்.

"தெரியும். கீழ சிக்னல் கெடைக்கிற முதல் இடத்துல எழுதிடறேன். பாலம் இல்லன்னு. நான் எங்க திரும்பினேன்னும் எழுதறேன்."

"என் பேரையும் சேத்துக்க," என்றான் ஹால்வர் கீழேயிருந்து. "நானும் அங்கதான் திரும்பினேன். அந்த லெட்டரப் போய்க் கிழிக்கணும், வாங்க."

காய்ந்த மாட்டிறைச்சித் துண்டுகளையும் ஆர்டிஸின் ரொட்டியையும் நாலு பேரும் பகிர்ந்து தின்றார்கள். லோர்னாவுக்கு அப்படி ஒரு பசி. இறங்கும்போது ஆர்டிஸும் ஹால்வரும் முன்னால் போனார்கள். மேல்வழியாகக் குவியலைச் சுற்றி இறங்கினார்கள். வெர்ன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார், லோர்னா அவர் கூடவே நடந்தாள். அவர் அவளோடு எதுவும் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, மூச்சு வாங்குகிறாரே, அந்தச் சத்தம் கேட்கிறதே, அதுவே அவளுக்குப் போதும் என்றிருந்தது.

பனி முடிகிற இடத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மரம் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் பட்டை உரிந்து வழுவழுவென்று இருந்தது. லோர்னா அதில் கால் வைக்க ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இதுல கால வைங்க வெர்ன். வழுக்காது."

வெர்ன் அந்த இடத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ முதல்ல ஏறு," என்றார். "ஏறி நின்னு காட்டு. அப்புறம் நான் வரேன்."

லோர்னாவுக்குக் கோபம் வரவில்லை. ஏறி, மரத்தின் மேல் நிமிர்ந்து நின்று, இரண்டு காலாலும் தட்டிக் காட்டினாள். வெர்ன் திருப்தியாகும்வரை பார்த்துவிட்டுத் தலையசைத்தார், பிறகு அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியில் இருந்த ஒவ்வொரு மரத்திலும் அவர் அப்படியே கேட்டார். அவளும் ஒவ்வொரு மரத்திலும் முதலில் ஏறி நின்று காட்டினாள்.